கற்பூரம் எரியும் நேரம்

சங்கரசுப்பிரமணியனின் வெள்ளைக் கார் மூன்றாவது முறையாக ஒர்க்‌ஷாப்புக்குள் திரும்பியபோது, பிரவின்ராஜ் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"எக்கா, ஒன் சொந்தக்காரன் வந்துட்டான்" என்று அடியிலிருந்து கேலிக் குரல் மட்டும் வந்தது.

எப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திருநெல்வேலியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இராஜபாளையம் சாலையில் தம்பி பிரவின்ராஜோடு சேர்ந்து இந்த ஷெட்டைப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டிய வண்டி என்றால் சங்கரன்கோவிலில் இப்போது இங்கேதான் அனுப்புகிறார்கள்.

சங்கரசுப்பிரமணியன் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். பதினாறு விசைத்தறி வைத்துச் சேலை நெய்து, கேரளாவுக்கு அனுப்புகிறவர். கோபத்தைக் காட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதுதான் எப்சிபாவுக்குச் சங்கடமாக இருந்தது.

"அந்த லைட்டு திரும்ப வந்துட்டும்மா."

"எப்ப அண்ணாச்சி?"

"முந்தாநாத்து. கழுகுமலை போயிட்டு வரலாம்னு எடுத்தேன். பாதி வழில எரிஞ்சிட்டு."

ஸ்கேனரை மாட்டினாள். அதே கோளாறு எண். பி-0411.

வெளிநாட்டுக் கம்பெனியின் பழைய பெட்ரோல் கார் அது. மதுரையில் ஒரு டாக்டரிடம் வாங்கியது. அந்த மாடலில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஆறிக் கிடக்கும் என்ஜினை ஸ்டார்ட் செய்ததும், முதல் ஒன்றரை நிமிடம் ஒரு மின்சாரப் பம்ப் வெளிக்காற்றை எடுத்து, ஒரு வால்வு வழியாகப் புகைக்குழாய்க்குள் ஊதும். எரியாமல் வெளியே வரும் பெட்ரோல் அந்தக் காற்றில் அங்கேயே எரிந்துவிடும். புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரும் சீக்கிரம் சூடாகும். அதோடு பம்ப்பின் வேலை முடிந்தது. என்ஜின் மறுபடி முழுக்க ஆறினால்தான் அது அடுத்த தடவை ஓடும். ஊதிய காற்று போய்ச் சேரவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டால் இந்த எண்ணை எழுதி வைத்து, டேஷ்போர்டில் என்ஜின் லைட்டைப் போட்டுவிடும்.

முதல் தடவை எப்சிபா எண்ணை அழித்து அனுப்பினாள். சில சமயம் அப்படியே சரியாகிவிடும். இரண்டாம் தடவை பம்ப்பின் காற்று உறிஞ்சும் குழாயைக் கழற்றியபோது, உள்ளே தலையணை கிழிந்ததுபோலப் பஞ்சுத்தூசி. வண்டி நிற்பது தறிக்கூடத்துக்குப் பக்கத்தில். அவ்வளவையும் எடுத்து ஒரு தாளில் வைத்துச் சங்கரசுப்பிரமணியனிடம் காட்டினாள். அவரும் தலையாட்டினார். கண்ணில் படுகிற மாதிரி ஒரு காரணம் கிடைத்ததும் அவள் அதற்கு மேல் தேடவில்லை.

இப்போது ஸ்கேனர் வழியாகப் பம்ப்பைத் தனியாக ஓட விட்டாள். மிக்ஸி மாதிரிச் சத்தத்தோடு நன்றாக ஓடியது. ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி. ஆனால் என்ஜின் சூடாக இருந்தது. சூட்டோடு வந்த வண்டியில் இதற்கு மேல் எதுவும் தெரியாது.

"ராத்திரி வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. காலைல ஆறின என்ஜின ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். ஒரு நாளைக்கு ஒரு தடவதான் அது மாட்டும்."

அவர் யோசித்தார். "வண்டி ராத்திரி வெளிய தங்குனா சரிப்படாதும்மா. காலைல வீட்டுல நிக்கணும்."

எப்சிபா ஸ்கேனர் வயரைச் சுற்றினாள்.

"அப்ப நான் காலைல ஆறு மணிக்கு வீட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"யாரு பண்ணப் போறா? எனக்கு பைக்குதான். மவன் ஈரோட்டுல கெடக்கான்."

மறுநாள் ஆறு மணிக்கு எப்சிபா போனபோது வாசலில் கோலம் ஈரமாக இருந்தது. பின்பக்கம் தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சங்கரசுப்பிரமணியன் திருநீறு பூசி, குளித்த தலையோடு நின்றார். அவர் மனைவி ஆவுடையம்மாள் நடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எப்சிபா ஸ்கேனரை மாட்டி, சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்தித் திரையைப் பார்த்தாள். வெளிக்காற்று இருபத்தேழு டிகிரி. என்ஜின் தண்ணீர் முப்பத்தெட்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, யாராச்சும் ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லியே."

"நேத்து ஒங்கிட்ட இருந்து வந்ததோட நிக்கி" என்றாள் ஆவுடையம்மாள், கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

எப்சிபா பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் புறங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. சென்சார் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் பொய் சொல்லுகிற முகத்தோடும் இல்லை. போன் வந்ததும் சங்கரசுப்பிரமணியன் உள்ளே போனார். கீரைக் காம்புகளைக் கொட்ட ஆவுடையம்மாளும் எழுந்து பின்பக்கம் போனாள்.

மருமகள் முத்துமாரி காபி கொண்டுவந்தாள். வாசுதேவநல்லூர்க்காரி. கல்யாணமாகி இரண்டரை வருடம். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, இன்னிக்குப் பாக்க முடியாதோ?"

"என்ஜின் சூடா இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடியிருக்கு. யாருன்னுதான் தெரியல."

"நாந்தான்க்கா." குரலைத் தாழ்த்தினாள். "தெனமும் நாந்தான் ஸ்டார்ட் பண்ணுதேன். மாமாவுக்கு அது ஸ்டார்ட்டுன்னே தோணாது. பூசைன்னுதான் நெனப்பாவ."

நின்றபடியே சொன்னாள். காலை ஐந்தரைக்கு முத்துமாரி சாவி போட வேண்டும். மாமா வண்டிக்கு முன்னால் தட்டில் கற்பூரம் காட்டுவார். கற்பூரம் எரிகிற வரைக்கும் என்ஜின் ஓடும். அது அமர்ந்ததும் 'போதும்மா' என்பார். இவள் அணைத்துவிடுவாள். கடைக்காரன் காலையில் ராசியான கையில் போணி பண்ணச் சொல்கிற மாதிரி, வண்டிக்கு முதல் சாவி இவள் கை. வண்டி வாங்கிய அன்று தற்செயலாக இவளைத்தான் சாவி போடச் சொன்னார்கள். அந்த வாரமே கேரளாவிலிருந்து நானூறு சேலை கேட்டு ஆர்டர் வந்தது. ஒன்றரை வருடமாக ஒரு நாள் விடாமல் நடக்கிறது. வண்டி ரோட்டில் ஓடுவது வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான்.

எப்சிபா காபியைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும்? ஒரு நிமிடம். பம்ப் பாதி ஊதிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுபோகிறது. வாரத்தில் ஐந்தாறு நாள்.

"அதனாலதான் கெட்டுப்போச்சாக்கா?"

"இருக்கலாம். நாளைக்குப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்படின்னா வேற ஏதாச்சும் சொல்லிருங்கக்கா. எலி கடிச்சிட்டுன்னு சொல்லிருங்க."

எப்சிபா அவளைப் பார்த்தாள்.

"வந்த புதுசுல தறிக்கூடத்துல வெளக்கு ஏத்தச் சொன்னாவ. ஏத்துனேன். அன்னிக்கு மத்தியானம் ஒரு தறி மோட்டாரு எரிஞ்சிட்டு. மூணு மாசம் என்னய அந்தப் பக்கமே விடல. அத்த சும்மா இருக்கவே மாட்டாவ. கை சரியில்ல, கை சரியில்லன்னு, சோத்துக்கு உப்பு கூடுனாலும் அதுதான். இந்த வண்டி வந்த பெறகுதான் நான் இந்த வீட்டுல நிமுந்து நடக்கேன். இப்ப இதுவும் ஏங்கையாலன்னு ஆயிட்டுன்னா..."

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. முத்துமாரி டம்ளருக்குக் கையை நீட்டினாள். எப்சிபா ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொடுத்தாள்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பிரவின்ராஜ் கேட்டான், "எலின்னு சொல்லுததுல ஒனக்கு என்னக்கா நட்டம்? அந்தப் புள்ள பாவம்லா."

"வால்வாத்தான் இருக்கும், மாத்திக் குடுப்போம். பூச நடந்துகிட்டே இருக்கும். அடுத்த வருசம் திரும்ப வரும். அப்ப என்ன சொல்ல, பூனைன்னா? ஏற்கெனவே பஞ்சுன்னு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்."

"ஒனக்கு ஒம்பேரு பெருசு."

அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அடுத்த நாள் ஐந்தேகாலுக்கே போய்விட்டாள். சங்கரசுப்பிரமணியன் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"பூசைக்கு முன்னாடி வந்துட்டியே."

"பூச நடக்கட்டும் அண்ணாச்சி. நான் பாட்டுக்கு ஓரமா நிக்கேன். பானெட்டு மட்டும் தொறந்திருக்கணும்."

"வாயப் பொளந்துகிட்டு நிக்க வண்டிக்கா பூச பண்ண?" என்றாள் ஆவுடையம்மாள்.

"பல்லு டாக்டருகிட்டயும் வாயத் தொறந்துதான காட்டணும், விடு" என்றார் அவர்.

எப்சிபா ஸ்கேனரைப் பார்த்தாள். காற்றும் இருபத்தேழு, தண்ணீரும் இருபத்தேழு. பம்ப்பிலிருந்து வால்வுக்குப் போகிற ரப்பர் ஹோஸை இடது கையால் பிடித்துக்கொண்டாள். முத்துமாரி கண்ணை மூடித் திறந்து, சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது. பம்ப்பும் இரைந்தது. கற்பூரச் சுடர் காலைக் காற்றில் சாய்ந்தது.

ஹோஸ் கைக்குள் விறைத்தது. காற்று வருகிறது. ஆனால் போகவில்லை. போகிற குழாய் இப்படிப் புடைக்காது. ஸ்கேனரில் புகைக்குழாயின் ஆக்சிஜன் கணக்கு ஏற வேண்டும், அது அசையவே இல்லை. பம்ப் ஊதுவது மூடின கதவின் மேல்.

"போதும்மா" என்றார் அவர். என்ஜின் நின்றது.

எப்சிபா ஒரு வெள்ளைத் தட்டு கேட்டாள். முத்துமாரி எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தாள். ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, வால்வைக் கழற்றி அதன் வாயைத் தட்டின் மேல் சாய்த்தாள். நாலு ஸ்பூன் தண்ணீர் விழுந்தது. செம்மண் குளத்துத் தண்ணீர் நிறம். கூடவே துருத் தூள்.

"மழைத் தண்ணியா?" அவர் குனிந்தார்.

"மழை எங்கன பெஞ்சிச்சு?" என்றாள் ஆவுடையம்மாள்.

"புகையில இருக்க தண்ணி அண்ணாச்சி. பெட்ரோலு எரிஞ்சா ஆவி வரும். என்ஜின் நல்லா சூடானா ஆவி வெளிய போயிரும். சூடாவுததுக்கு முன்னாடி அணைச்சா அங்கனயே தண்ணியா நின்னுரும். சோத்துப் பானைய மொத ஆவில எறக்கி வச்சா மூடியில முத்து முத்தா நிக்கும்லா, அது மாதிரி. அந்தத் தண்ணி வால்வுல எறங்கித் துருப்பிடிச்சு, வால்வு ஒட்டிக்கிட்டு. காத்து போவ வழியில்ல. அதான் லைட்டு."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சுன்னு போன தடவ நான் சொன்னது தப்பு. பஞ்சு இருந்துச்சு. ஆனா லைட்டுக்குக் காரணம் அது இல்ல. நான் வால்வையும் பாத்திருக்கணும், பாக்கல."

சோற்றுப் பானையைச் சொன்னதும் ஆவுடையம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒண்ணர வருசமா இவ கைய வச்சு கைய வச்சுத்தான் இது துருவேறியிருக்கு."

முத்துமாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணதுல தப்பே இல்லம்மா" என்றாள் எப்சிபா. "சூடாவாம அணைச்சதுதான்."

"அணைச்சதும் இவதான?"

அதற்கு எப்சிபாவிடம் பதில் இருந்தது. ஆனால் அதை அவள் சொன்னால் வீட்டுக்கு வெளியே இருந்து வந்த ஒருத்தி சொன்னதாகத்தான் ஆகும். ஹோஸ் கிளிப்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் பால்காரனின் பைக் போனது. சங்கரசுப்பிரமணியன் பூசைத் தட்டைக் கீழே வைத்து, விரலில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்தார்.

"அணைக்கச் சொன்னது நாந்தான்" என்றார்.

ஆவுடையம்மாள் திரும்பினாள்.

"அவ ஒரு நாளு கேட்டா. மாமா, இன்னும் கொஞ்சம் ஓடட்டுமான்னு. பெட்ரோலு வீணாவுது, அணைன்னேன். தெனமும் நாந்தான சொல்லுதேன், போதும்மான்னு."

ஆவுடையம்மாள் அவர் வேட்டியில் பட்ட கரியைப் பார்த்தாள். பிறகு ஆவுடையம்மாள், "ஆமா" என்றாள். "நான் ஒக்காந்திருக்கையிலேயே ஃபேன அணைக்க ஆளு. வண்டிய விட்டுருவியளா? கருமி."

அவர் சிரித்தார். எப்சிபாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முத்துமாரி சிரிக்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும்? பூசைய நிறுத்தணுமா?"

"பூச ஒங்க விருப்பம் அண்ணாச்சி. வால்வு மாத்தணும். அது கோயம்புத்தூர்ல இருந்து வர அஞ்சு நாளாவும். அதுக்குப் பெறகு, ஸ்டார்ட் பண்ணினா கொறஞ்சது இருபது நிமிசம் ரோட்டுல ஓடணும். ஓட்ட முடியாதுன்னா சாவியத் தொடாதீங்க. பூச மட்டும் பண்ணுங்க."

"சாவியத் தொட வேண்டாம்" என்றாள் ஆவுடையம்மாள் உடனே. "அதான் நல்லது."

முத்துமாரியின் கை சாவியை இறுக்கியது. சங்கரசுப்பிரமணியன் தாடையைச் சொறிந்தார். இந்த வருடத்து ஓணம் ஆர்டர் இன்னும் முடிவாகவில்லை. இந்த நேரத்தில் அவள் சாவி போடுவதை நிறுத்த அவருக்கு மனமில்லை. காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றவும் முடியாது. ஆறு மணிக்குத் தறிக்கூடம் திறக்க வேண்டும்.

"நான் ஓட்டுதேன் மாமா" என்றாள் முத்துமாரி.

"எத?"

"வண்டிய."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இருக்கு. எங்கப்பா தோட்டத்து எலுமிச்சம்பழத்த புளியங்குடி மார்க்கெட்டுக்கு நாந்தான் மினி வேன்ல கொண்டுபோவேன். கல்யாணத்துக்கு மொத வாரம் வரைக்கும்."

"ஏட்டி, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இத யாரும் சொல்லலியே" என்றாள் ஆவுடையம்மாள்.

"சமைக்கத் தெரியுமான்னுதான் கேட்டிய அத்த."

அவர் எப்சிபாவைப் பார்த்தார், அவளிடம் ஏதோ எண் வந்திருக்கும் என்பதுபோல. அவள் ஸ்கேனரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வால்வுக்குச் சொல்லிரும்மா" என்றார் கடைசியில். "ஓட்டுதது பத்தி ராத்திரி மவன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

மகன் போனில் என்ன சொன்னான் என்று எப்சிபாவுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் வால்வு வந்தது. பிரவின்ராஜ் மாட்டினான். பழையதை உடைத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த தட்டு துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்தது. சங்கரசுப்பிரமணியன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது, "நாளைக்குக் காலைல மருமவ ஓட்டுவா, நீயும் கூடப் போயிட்டு வா. மூணு நாளைக்கு மட்டும்" என்றார்.

எப்சிபாவுக்கும் அது வேண்டியிருந்தது. ஆறின என்ஜினில் மூன்று ஸ்டார்ட் பார்க்காமல் இந்த எண் போய்விட்டதாக இனி அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

முதல் நாள் முத்துமாரி வண்டியை வெளியே எடுக்கும்போது இடது பக்கம் கேட்டுத் தூணில் உரசியது. மாமனார் வந்து கோடு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மினி வேன் இத விடச் சின்னது போல" என்று மட்டும் சொன்னார். பனவடலிசத்திரம் வரை போய்த் திரும்பினார்கள். முத்துமாரி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டாம் நாள் ஒரு கை கியருக்கு மேல் தானாக வந்து உட்கார்ந்தது.

"கை ராசி எத்தன நாளைக்குக்கா?" என்றாள் அன்றைக்கு, ரோட்டைப் பார்த்தபடி. "இந்த ஓணத்துக்கு ஆர்டர் கொறஞ்சா அதுவும் போயிரும். இது எனக்குத் தெரிஞ்ச வேல. இத யாரு என்ன சொல்லிர முடியும்?"

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கேட்டைத் திறந்ததும் ஆவுடையம்மாள் கூடையோடு வந்து பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"சும்மா ஊரச் சுத்துததுக்குப் பூ மார்க்கெட்டுக்காவது போவோம். பைய ஓட்டு. நான் பின்னால இருக்கேன்."

கொஞ்ச தூரம் போனதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு பஸ், இரண்டு டிராக்டர், பத்துப் பன்னிரண்டு பைக். ஒவ்வொன்றாக எல்லாரும் என்ஜினை அணைத்தார்கள். எப்சிபாவின் மடியில் ஸ்கேனர் இருந்தது. காற்றுச் சோதனை முடிந்து, 'பாஸ்' என்று வந்திருந்தது. அவள் திரையைத் திருப்பி முத்துமாரியிடம் காட்டினாள்.

"என்ன போட்டிருக்கு?" பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் ஆவுடையம்மாள்.

"சரியாயிட்டும்மா. இனி லைட்டு வராது."

"அப்ப அணைச்சிரு மக்கா. ரயிலு எங்கன வருதோ, என்னமோ. எல்லாரும் அணைச்சிட்டாவ பாரு."

முத்துமாரி திரையின் கீழ்மூலையைப் பார்த்தாள். தண்ணீர் அறுபத்து நாலு. என்ஜின் முழுக்கச் சூடாகத் தொண்ணூறு வர வேண்டும்.

"இப்ப அணைக்க மாட்டேன் அத்த."

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஆவுடையம்மாள் கூடையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முன்னால் நின்ற பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு பையன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். ரயிலின் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

"சரி" என்றாள் ஆவுடையம்மாள். "ஓடுததுதான் ஓடுது, ஏ.சி.யப் போடு. வேர்க்குது."